நான்காம் நாளின் துக்கம்

எங்கள் பக்கத்தில் மௌத்தான வீட்டில் மூன்று நாட்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள். அண்டை வீட்டாரும் சம்பந்திகளும் சோறு கொண்டுவந்து இறக்குவார்கள். மூன்றாம் நாள் ஸியாரத் முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள். வாடகை நாற்காலிகள் வண்டியேறும். வெளியூரார் பஸ் பிடிப்பார்கள். நான்காம் நாள் காலையில் வீட்டுப் பெண் அரிசிப் பானையைத் திறந்து ஆழாக்கால் அளப்பாள். கைப்பழக்கத்தில் ஓர் ஆழாக்கு கூடுதலாக விழும். அதைத் திரும்பப் பானையில் கொட்டுவதா, உலையிலேயே போட்டுவிடுவதா என்று அவள் ஒரு கணம் நிற்கிறாளே, அந்தக் கணத்தை எழுத நம்மிடம் எந்தக் கவிதை இருக்கிறது? இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான்.

மார்க்கச் சட்டத்தோடு எனக்கு இதில் வழக்கேதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவருக்காகத் துக்கம் காக்க மூன்று நாட்கள்; கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாட்கள் இத்தா. ஓலமிடுதலும் மார்பில் அறைந்துகொள்ளுதலும் விலக்கப்பட்டிருக்கின்றன, கண்ணீர் விலக்கப்படவில்லை. தம் பச்சிளம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கண் கலங்கினார்கள் என்பதை நாமறிவோம். ஊரறியக் காக்கும் துக்கத்துக்கு வரம்பிட்டது, இருப்பவர்களை வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பும் கருணையேயாகும். ஆயினும் வரம்பு கழிந்த பிறகு மனத்துக்குள் நடப்பதற்குச் சடங்கும் கிடையாது. துணைக்கு ஆளும் கிடையாது. புதுக்கவிதை குடும்பத் துக்கத்தைப் பாடும்போது நிற்க வேண்டிய இடம் இந்த நான்காம் நாள் என்பது என் எண்ணம். நல்ல கவிதை அங்கே நிற்கிறது. மற்றவை முதல் நாளுக்கே ஓடிப்போய்ப் பந்தலுக்குள் நின்று உரத்து அழுகின்றன.

பழந்தமிழில் மரணத்தைப் பாடிய பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயர். பெரும்பாலும் அது முதல் நாட்பாட்டு. மன்னன் வீழ்ந்தான், புரவலன் போனான், இனி எமக்கு யார் என்று பலர் சூழ நின்று அரற்றுவது. எனினும் புறநானூற்றுக்குள்ளேயே இதற்கு மாறான குரலும் கேட்கிறது. ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண்ணொருத்தி ஆம்பலைப் பார்க்கிறாள். இளமையில் அது அவளுக்குத் தழையாடையாய் உதவிற்று. இன்று வேளை தவறி உண்ணும் கைம்மை உணவுக்கு அதன் அரிசிதான். உடுத்த காலமும் உண்ணும் காலமும் ஒரே செடியில் வந்து நிற்கின்றன. அவ்வளவே பாட்டு. கணவனைப் பற்றிய பெரும்பேச்சு இல்லை. வானம் இருண்டது, பூமி பிளந்தது என்பதெல்லாம் இல்லை. புதுக்கவிதை முழுவதும் மேல்நாட்டுச் சரக்கு என்று இன்னமும் சாதிப்பவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நம் வட்டாரத்து வீடுகளில் இன்னோர் அலமாரியும் உண்டு, உருது அலமாரி. அதில் மர்ஸியாவுக்கு இடம் இருந்தது. 1874இல் மறைந்த மீர் அனீஸ் கர்பலாவைப் பாடினார். வாள்வீச்சையும் குதிரையையும் அவர் குறைவின்றிப் பாடியவர்தாம். ஆனால் கேட்டவர் நெஞ்சில் தங்கியது கூடாரத்தின் உள்ளே இருந்த தாய்மாரும், தாகித்த பிள்ளைகளும், புறப்படுகிறவனை நிறுத்திவைத்துப் பேசும் சகோதரியுமே. ஒரு பேரழிவை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மிர்ஸா காலிப் இன்னும் ஒருபடி கீழிறங்கி வருகிறார். தமக்குப் பிறந்த பிள்ளைகள் எழுவரும் குழந்தைப் பருவத்திலேயே போய்விட, மனைவியின் சகோதரி மகனான ஆரிஃபைத் தம் மகனாகவே எண்ணியிருந்தவர் அவர். அந்த ஆரிஃபும் 1852இல் இறந்தபோது எழுதிய கஸலில் இறந்தவனோடு வழக்காடுகிறார்: இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போயிருக்கலாகாதா என்பது வழக்கு. அவசரமாகக் கிளம்பும் விருந்தாளியை வாசலில் மறித்துக் குறைப்பட்டுக்கொள்ளும் பேச்சு அது. புலம்பலைவிட அந்தக் குறைபாடு வலிக்கிறது.

சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ வழியாகத் தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்த கதை யாவரும் அறிந்தது. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறைக்குத் தனிமனிதனின் வெறுமையே பெரும்பொருளாக இருந்தது. வீடு அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு முட்டும் இடம். வீட்டை விட்டு வெளியேறத் துடிப்பவன், வீட்டுக்குள் எது தொலைந்தது என்பதைக் கணக்கெடுப்பது அரிது. விலக்குகள் உண்டு, அவற்றை வைத்து என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்களும் உண்டு.

பாலாற்றங்கரைக்கு வருவோம். இங்கே புதுக்கவிதை என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் கவிக்கோ அப்துல் ரகுமான். பிறந்தது மதுரையில். எனினும் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தமிழ் கற்பித்ததால் அவரை எங்களூர்க்காரராகவே நாங்கள் எண்ணிவந்தோம். ‘பால்வீதி’ 1974இல் வந்தது. ‘ஆலாபனை’ 1999ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி பரிசைப் பெற்றது. 2017இல் அவர் மறைந்தார். கஸலையும் ஹைக்கூவையும் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்து சேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தந்தையும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள் என்பதால் மேற்சொன்ன இரண்டு அலமாரிகளின் திறவுகோலும் அவர் கையில் இருந்தது. இவ்வட்டாரத்தில் ஓர் இளைஞன் தமிழில் எழுதக் காகிதத்தை எடுத்தால் அவன் காதில் அவர் குரல் கேட்காமல் இருந்ததில்லை.

அவரிடம் கற்றவர்கள் மன்னிக்க வேண்டும். என் குறை இங்கேதான் தொடங்குகிறது. குறை அவர்மீதன்று, அவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கல்வியை விட்டுவிட்ட நம் மீதுதான். ‘புதுக்கவிதையில் குறியீடு’ பற்றி ஆய்ந்து நூலெழுதியவர் அவர். ஒரு பொருளைக் கண்டதும் அதற்கு அப்பால் உள்ளதைப் பார்ப்பது அவர் கண்ணின் இயல்பு. தத்துவத்துக்கும் இறைக்காதலுக்கும் சமூகக் கோபத்துக்கும் அந்தக் கண் மிகப் பொருந்தியது. கவியரங்க மேடைக்கு அது இன்னும் பொருந்தியது. கடைசி அடியில் ஓர் உருவகம் வெடிக்கும், கைதட்டல் எழும். ஆனால் வீட்டுத் துக்கத்துக்கு இந்தக் கண் உதவுமா? இறந்த தாயின் மூக்குக் கண்ணாடியை ‘இரண்டு வற்றிய குளங்கள்’ என்று ஒருவன் எழுதிய அக்கணமே கண்ணாடி காணாமற்போகிறது. குளம் வந்துவிடுகிறது, அழகான குளம், தாய் அங்கே இல்லை. ஒரு காம்பு ஒடிந்து, அதில் நூல் சுற்றி, நூலும் அழுக்கேறியிருந்த கண்ணாடி அது என்பதை அவன் சொல்லியிருந்தால் தாய் அறைக்குள் வந்திருப்பாள். உருவகம் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறது. போன இடத்தில் அதற்கு மரியாதை கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர்மாறான வழியில் செல்லும் கவிதையொன்றைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். துவரங்குறிச்சியிலிருந்து வந்த மனுஷ்ய புத்திரனின் ‘இறந்தவனின் ஆடைகள்’ அது. இறந்த ஒருவனுடைய துணிகளை என்ன செய்வதென்று இருப்பவர்கள் திகைக்கிறார்கள். எளிதில் எடுத்து உடுத்திக்கொள்ள முடியவில்லை. பிறருக்குக் கொடுத்துவிட மனம் துணியவில்லை. அழித்துவிடவும் கை வரவில்லை. இறந்தவன் யார், நல்லவனா, எப்படி இறந்தான் என்பதையெல்லாம் கவிதை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வீட்டுச் சங்கடத்தை மட்டும் அது பேசுகிறது. இங்கே ஆடை எதற்கும் குறியீடு அன்று. ஆடை ஆடையாகவே இருக்கிறது, துயரம் அதனால்தான்.

நம் வழக்கத்தை அறிந்தவர்கள் இக்கவிதைக்குள் இன்னொன்றையும் காண்பார்கள். ஆணுக்குக் கபன் மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. தைத்த துணி எதுவும் கபருக்குள் போவதில்லை. ஆகவே ஒருவன் வாழ்நாளெல்லாம் உடுத்தவை முழுவதும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடுங்கள் என்பார்கள் பெரியவர்கள். சரியான வழி, உடுப்பவனுக்குப் பயன், இறந்தவருக்கு நன்மை. ஆனால் கொடுத்த சட்டை அதே தெருவில் வேறொருவன் முதுகில் நடந்து வருமே, அதை எதிரே சந்திக்க வேண்டுமே என்ற அச்சத்தை எந்தப் பெரியவரும் பேசியதில்லை. கவிதைக்குத் தெரிகிறது. சட்டத்தை அது மறுக்கவில்லை. சட்டத்தை நிறைவேற்றப் போகும் கை நடுவழியில் நடுங்குவதைக் காட்டுகிறது.

எங்கள் ஊர்களில் படிக்கும்போது இக்கவிதைக்கு ஒரு வாடையும் சேர்ந்துகொள்கிறது. தோல் ஷாப்பில் வேலை செய்தவரின் சட்டை எத்தனை முறை வெளுத்தாலும் அந்த வாடையை விடாது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் நின்றவர்களின் துணியில் ஒரு புளித்த பட்டை வாசனை இருக்கும். எழுபதுகளுக்குப் பின் குரோம் பதனிடுதல் பெருகியபோது வாசனையும் மாறிப்போயிற்று. என் தகப்பனாரின் பழைய சட்டையொன்றை என் தாயார் அரிசிப் பானைக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் அவர் எந்தக் காலத்து மனிதர் என்பதை மூக்கே சொல்லிவிடும். உயிரோடு இருந்தவரை, வீட்டுக்குள் வருமுன் குளித்துவிட்டு வாருங்கள் என்று அவரோடு நாள்தோறும் சண்டை பிடித்தவர்களும் என் தாயார்தாம். மனுஷ்ய புத்திரன் கவிதையில் தோல் வாடை இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல கவிதை அலமாரியைத் திறந்து வைக்கிறது; உள்ளே தொங்கும் சட்டை அவரவர் வீட்டுச் சட்டை.

இழப்பு என்றால் மரணம் மட்டுமா என்று கேட்பவர்கள் சல்மாவைப் படிக்க வேண்டும். அவரும் துவரங்குறிச்சிக்காரர். பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளிருந்து மறைவாக எழுதியவர். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வெளிவந்தபோது நம்மவர் பலர் முகம் சுளித்ததும் நினைவிருக்கிறது. முகம் சுளித்தவர்கள் எதைப் படித்தார்களோ அறியேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய இரவுகளில் ஒரு மனைவி தன் உடலில் பழைய அழகைத் தேடுவதும், வயிற்றின் வரிகள் மறையாமல் கிடப்பதும், கணவனுடைய ஏமாற்றமும் வரும் கவிதை ஒன்றுண்டு. அதில் நான் கண்டது துக்க வீடு. யாரும் மௌத்தாகவில்லை, ஜனாஸா எடுக்கவில்லை, ஆகவே மூன்று நாட்களும் கிடையாது, இத்தாவும் கிடையாது. அவளுக்கு எல்லா நாளும் நான்காம் நாள். சோறனுப்ப அண்டை வீட்டாருக்குத் தோன்றாத துக்கம் அது. சல்மாவின் சொற்களில் உள்ள வெளிப்படையைக் குறை சொன்னவர்கள், அந்த வெளிப்படை எவ்வளவு நாள் மௌனத்தின் விலை என்பதைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. அவருடைய எல்லாக் கவிதையும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் முறையீடு மட்டுமே மிஞ்சுகிறது. இந்தக் கவிதையில் அப்படியில்லை.

இவ்விருவரும் வந்தது திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து. கல்லூரிகளும் மதரஸாக்களும் முஷாயிராக்களும் நிறைந்த ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் இத்தகைய கவிதை ஏன் போதிய அளவு வரவில்லை? நான் கண்ட விடை இது. துவரங்குறிச்சியில் வீட்டுமொழியும் எழுத்துமொழியும் தமிழ்தான். எங்கள் வீடுகளில் பலவற்றில் அடுப்படியில் பேசுவது உருது, அதுவும் தக்னி; பள்ளியில் எழுதுவது தமிழ். பையன் துக்கத்தை ஒரு மொழியில் கேட்கிறான். கவிதையை வேறொரு மொழியில் கற்கிறான். மேடைத் தமிழில் சமுதாயம், விடியல், சிறகு எல்லாம் அவனுக்குக் கிடைக்கின்றன. பாட்டியின் இருமலுக்கும் பாத்திரத்துக்கும் அந்தத் தமிழில் சொல் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது பாட்டி பேசிய சொல் அன்று.

உருதில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நிதா ஃபாஸ்லியின் பெற்றோர் பாகிஸ்தானுக்குப் போய்விட, அவர் மட்டும் இந்தியாவிலேயே தங்கினார். தகப்பனார் அங்கே இறந்தார். கபருக்குச் சென்று ஃபாத்திஹா ஓதவில்லை என்பதை இறந்தவரிடமே சொல்லும் கவிதை அவருடையது. காரணமாக எல்லையையோ அரசையோ அவர் காட்டுவதில்லை. நீங்கள் இறந்தீர்கள் என்பதை நான் நம்பவில்லை, நீங்கள் என் கையிலும் குரலிலும் இருக்கிறீர்கள் என்பதே மகனின் சமாதானம். மிக எளிய உருது. வீட்டில் பேசும் உருது. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு அழாத நடுவயதுக்காரர் குறைவு. வளைகுடாவில் இருந்தபடி தொலைபேசியில் தகப்பனாரின் மௌத்துச் செய்தி கேட்டவர்கள் இங்கே தெருவுக்குச் சிலர் உண்டல்லவா!

இன்னொரு மரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2015 ஜனவரி 31ஆம் நாள் பின்னிரவில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தனர். உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதைப் பற்றிச் சில கவிதைகளை மேடைகளில் கேட்டேன். கோபம் இருந்தது; நியாயமான கோபம். பாலாறு அழுதது, தோல் பேசியது, மண் சிவந்தது. இறந்தவர்களில் ஒருவனுடைய வீடுகூட அக்கவிதைகளில் இல்லை. எப்படி இருக்கும்? அந்த வீடுகளில் துக்கம் வங்காளத்தில் நடந்தது. உண்மையாக எழுத விரும்பிய கவிஞன், எனக்கு அவர்கள் வீடு தெரியாது என்பதிலிருந்தாவது தொடங்கியிருக்கலாம். அவர்கள் படுத்திருந்த பாயையும் அன்றிரவு கழுவிக் கவிழ்த்த தட்டையும் எழுதியிருக்கலாம். மஹ்மூத் தர்வீஷ் நாட்டை இழந்த துயரை, சிறையில் இருந்தபடி, தாயின் ரொட்டியையும் காப்பியையும் கொண்டு எழுதினார். அந்தக் கவிதையை எவரும் அரசியல் குறைந்தது என்று சொன்னதில்லை.

இவ்வளவும் எழுதிய நான் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கான கவிதைப் போட்டியொன்றில் மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். தோல் ஷாப் தொழிலாளி ஒருவரின் மகன் எழுதிய கவிதை வந்தது. அவனுடைய நானி இறந்துவிட்டார். அவருடைய பான்தான் தாக்கிலேயே இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் வெற்றிலை போடுவதில்லை. ஆனாலும் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அதைத் திறந்து, சுண்ணாம்பு காய்ந்துவிடாதபடி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி வைக்கிறாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. இவ்வளவுதான் கவிதை. அதன் கீழே, மேடைக்காகவோ எங்களுக்காகவோ, நிலாவையும் சுண்ணாம்பையும் சேர்த்து இரண்டு அடிகளை ஒட்டியிருந்தான்.

பான்தான் என்ற சொல்லைப் பார்த்து ஒரு நடுவர், “பான்தானா, பான் தானா?” என்று கேட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். தமிழ்க் கவிதையில் இந்தச் சொல் உறுத்துகிறது, ‘வெற்றிலைச் செல்லம்’ என்று மாற்றிக்கொள் என அவனிடம் சொன்னவன் நான்தான். நிலா அடிகளைப் புகழ்ந்தவனும் நானே. அவன் மறுப்பேதும் சொல்லாமல் அங்கேயே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினான். மூன்றாம் பரிசு கொடுத்தோம்.

பிறகு அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சென்ற ஆண்டு ரயில் நிலையத்தில் எதிரே வந்து ஸலாம் சொன்னான். இப்போதும் எழுதுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அம்மா நலமா என்றேன். மௌத்தாகி ஆறு மாதம் ஆகிறது, ஹஸ்ரத், என்றான். பான்தானைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனுடைய வண்டி வந்துவிட்டது.